மூன்று பேரும் ஒரு வீடும்: பழைய ஓவியத்தைப் பார்த்துத் தீட்டி எண்ணெய் வண்ணம் பழக ஒரு முழு வழிகாட்டி

எண்ணெய் வண்ணம் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். முதலில் ஒரு மாம்பழம், அடுத்து ஒரு குத்துவிளக்கு, அப்புறம் நேரே ஒரு முகம். அங்கே வண்டி நின்றுவிடும். மூக்கு வந்தால் கண் வராது, கண் வந்தால் ஆள் யாரோ மாதிரி இருக்கும். ட்யூப்கள் அலமாரிக்குள் போய்விடும்.

நான் சொல்லப்போவது வேறு வழி. வீட்டுக்குள் இரண்டு மூன்று பேர் ஏதோ வேலையாக இருக்கிற பழைய ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் கோட்டிலிருந்து கடைசித் தீற்றல் வரை அதைப் பார்த்துத் தீட்டுவது. சுவர், தரை, மரம், துணி, வெளிச்சம், ஆள் எல்லாம் அந்த ஒரே படத்தில் கிடைத்துவிடும். இதில் என் கட்சி ஒன்றுதான்: ஆட்கள் கடைசி. அறையைச் சரியாகக் கட்டி வெளிச்சத்தைச் சரியாக விட்டால் ஆட்களில் பாதி தானாகவே வந்திருப்பார்கள். ஆளை முதலில் முடித்து அறையைப் பின்னால் சேர்த்தால், சினிமா கட்-அவுட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திய மாதிரிதான் தெரியும்.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பழைய வீடு ஒன்றின் முகப்பில் நின்று உள்ளே பாருங்கள். முகப்பு இருட்டு, வளவு என்கிற திறந்த முற்றத்தில் வெயில், அதைத் தாண்டிய நிலைவாசலில் மறுபடி இருட்டு, இரண்டாம் கட்டு முற்றத்தில் மறுபடி வெயில். கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வரை பார்வை ஓடும். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வீட்டு உட்புறங்களைத் தீட்டியபோது தேடித் தேடிப் பிடித்த அமைப்பு இதுவேதான். அவர்கள் கேன்வாஸில் கட்டியதை நீங்கள் வாசலில் நின்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் படத்தை எடுப்பது

நம் பக்கத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ரவிவர்மா (1848–1906). வீட்டுக்கு வீடு லட்சுமியும் சரஸ்வதியும் மாட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில் சேலைக்குச் சரிகையும் சமிக்கியும் ஒட்டிக் கண்ணாடி போட்டிருப்பார்கள். அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் பழக அவை உதவாது. மாட்டியிருப்பது ஓவியம் இல்லை, ஓலியோகிராஃப் என்ற அச்சுப்படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாகப் பரவிய வகை. கல் கல்லாக நிறம் ஏற்றி அச்சடித்தது, காகிதம் பழுத்தது, மேலே கண்ணாடி வேறு. தூரிகை எங்கே தொட்டது, எங்கே தாண்டியது என்பது அதில் தெரியாது. அவருடைய அசல் எண்ணெய் ஓவியங்களில் மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள இசைக் கலைஞர்கள் குழு (1889) அற்புதமானது. ஆனால் அதில் பதினொரு பெண்கள். இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸும் (1656) அப்படியே. மூன்று மீட்டருக்கு மேல் உயரமான ஓவியத்தை முழங்கை நீளத்துக்குச் சுருக்கினால் கற்க வேண்டிய விஷயம் பாதி காணாமல் போகும்.

நான் கொடுப்பது டச்சு ஓவியர் பீட்டர் டி ஹூக் 1663-இல் தீட்டிய ஓவியம். துணி அலமாரி முன் இரண்டு பெண்கள் மடித்த வெள்ளைத் துணிகளை அடுக்குகிறார்கள். பின்னால் திறந்த வாசல் பக்கம் ஒரு குழந்தை, கையில் பந்தடிக்கும் மட்டை. அதற்கும் அப்பால் தெரு. தரையில் கட்டம் கட்டமாகக் கல். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது; அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்து பெரிய அளவுப் படத்தைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மூன்றே ஆட்கள், யாரும் நம்மைப் பார்த்து நிற்கவில்லை, எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கூட்டம் அமையாது.

டி ஹூக்கைப் பற்றி ஒரு செய்தி: அவர் அப்பா செங்கல் கட்டும் கொத்தனார். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வளர்ந்தவர்களுக்கு அவர் தரையைத் தீட்டும் விதத்தைப் பார்த்ததும் ஒரு சொந்தம் தோன்றும்.

அளவும் அச்சும்

அசல் 70 செ.மீ உயரம், 75.5 செ.மீ அகலம். பத்தில் நான்கு பங்காகச் சுருக்கினால் 28 × 30.2. இந்த அளவு ஏ3 தாளைக் கிடையாக வைத்தால் சரியாக உள்ளே அடங்கும். ஆகவே டிஜிட்டல் பிரிண்ட் கடையில் "28-க்கு 30.2 செ.மீ, பக்கத்துக்கு இழுத்து நிரப்ப வேண்டாம்" என்று அழுத்திச் சொல்லி இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று வண்ணம், ஒன்று கறுப்பு வெள்ளை. மேட் தாளே போதும். பளபளத் தாள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்.

கேன்வாஸ் போர்டு 12 × 16 அங்குலம் வாங்குங்கள். அதாவது சுமார் 30.5 × 40.6 செ.மீ. இதில் 28 × 30.2 கட்டத்தை ஒரு ஓரமாக ஒதுக்கி மாஸ்கிங் டேப் ஒட்டினால் பக்கவாட்டில் பத்து செ.மீ பட்டை மிஞ்சும். அதை வெட்டி எறியாதீர்கள். கலக்கும் ஒவ்வொரு நிறத்தையும் முதலில் அந்தப் பட்டையில் வைத்துப் பார்க்கத்தான் அது. படம் முடியும்போது உங்கள் நிறக் கணக்கு முழுவதும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பார்த்துத் தீட்ட அனுமதி கொடுப்பார்கள், ஆனால் அசலின் அளவிலேயே தீட்ட விடமாட்டார்கள். நகலை அசலென்று யாரும் ஏமாற்ற முடியாது, நல்ல வழக்கம். நீங்களும் டி ஹூக்கின் கையெழுத்தை மட்டும் தீட்டாதீர்கள். போர்டின் பின்பக்கம் "டி ஹூக் ஓவியத்தைப் பார்த்துத் தீட்டியது" என்று எழுதித் தேதி போடுங்கள்.

சாமான்கள்

ஏழு ட்யூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், காட்மியம் ரெட், அல்ட்ராமரைன் நீலம், ஐவரி பிளாக். கேம்லின் ட்யூப்களே ஆரம்பத்துக்குத் தாராளம். வெள்ளையை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். பச்சை வாங்க வேண்டாம். ஐவரி பிளாக்கில் ஓக்கரைக் கலந்தால் இந்தப் படத்துக்குத் தேவையான பாசிநிறம் வந்துவிடும்.

தூரிகையில் ஹாக் (பன்றி) முடித் தட்டை 4, 6, 8. மெல்லிய வேலைக்கு ஒரே ஒரு உருண்டைத் தூரிகை. அந்த மெல்லியதைக் கடைசி வாரம்வரை கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது கவனம். ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடிக்கிற 'டபுள் பாயில்டு' ஆளிவிதை எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். அது சீக்கிரம் காய உலோக உப்பு சேர்த்தது, நாளாவட்டத்தில் கறுக்கும். ஓவியக் கடையில் சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். டர்பன்டைனும் அங்கேயே. பெயின்ட் கடைத் தின்னர் வேண்டாம். அடுப்படியில் இருக்கிற கடலை எண்ணெய்க்கும் ஒரு வேலை உண்டு: அது காயாத எண்ணெய், ஆகவே வண்ணத்தில் ஒரு சொட்டும் சேரக்கூடாது. ஆனால் தூரிகையைத் துடைத்துவிட்டு அதில் அலசி, பிறகு குளிக்கிற சோப்பால் கழுவினால் டர்பன்டைன் நெடி இல்லாமல் சுத்தமாகும்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். பர்மா தேக்கு இழைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த ஆபத்தை வைத்துக்கொள்ளலாமா? துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்து மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள்.

தளம் தயாரித்தல்

கடைப் போர்டில் வெள்ளைப் பூச்சு இருக்கும். அதன்மேல் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை ஒரு கை அடித்து, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பிறகு பர்ன்ட் சியன்னாவும் ரா அம்பரும் கொஞ்சம் எடுத்து டர்பன்டைனில் கரைத்து, முழுப் பரப்பிலும் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த செம்மண் மாதிரி ஒரு நிறம் நிற்கும். ஒரு நாள் விடுங்கள். வெள்ளைத் தளத்தில் ஆரம்பித்தால் எந்த நிறத்தை வைத்தாலும் கறுப்பாகத் தெரிந்து கை பயப்படும். இந்த நடுநிறத்தில் இருட்டும் தெரியும், வெளிச்சமும் தெரியும்.

ஊசியும் நூலும்

கட்டம் போட்டு வரைவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் இந்தப் படத்துக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. டி ஹூக்கே கையாண்டது. அவர் ஓவியங்கள் சிலவற்றில், கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் இடத்தில் சின்ன ஊசித் துளையை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஊசியைக் குத்தி, சாக் தடவிய நூலை அதில் கட்டி, இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். நம் ஆசாரிகள் மரத்தில் நூல் அடிக்கிற அதே வேலை.

முதலில் அச்சுப்பிரதியில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். தரைக் கல்லின் விளிம்புகளில் நம்மை விட்டு உள்ளே ஓடுகிற கோடுகளைப் பென்சிலாலும் ஸ்கேலாலும் நீட்டிக்கொண்டே போங்கள். நாலைந்து கோடு நீட்டினால் ஒரே புள்ளியில் கூடும். நூலிழை முன்னே பின்னே இருந்தால் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கூரைப் பக்கத்துக் கோடுகளும் அங்கேயே வருகின்றனவா என்று பாருங்கள்.

அந்தப் புள்ளியை அளந்து கேன்வாஸில் குறியுங்கள். போர்டைப் பழைய ப்ளைவுட் பலகை ஒன்றில் டேப் போட்டு ஒட்டினால் ஊசி உறுதியாக நிற்கும். நூலில் சாக்பீஸ் தடவுங்கள். படத்தின் அடிவிளிம்பில் தரைக் கற்களின் அகலத்தைப் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நூலை இழுத்துச் சுண்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தரை படுத்துவிடும். குறுக்குக் கோடுகளை அச்சுப்பிரதியிலிருந்து அளந்து போடுங்கள். பின்னால் போகப் போக இடைவெளி சுருங்க வேண்டும். ஒரே சீராகச் சுருங்குகிறதா என்று பார்க்க, ஒரு கல்லின் மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டு அதையே நீட்டுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு கல்லின் மூலையையும் அது தொட்டுக்கொண்டே போக வேண்டும்.

இப்போது அந்த ஊசிப் புள்ளி வழியாகப் படத்தின் குறுக்கே ஒரு கிடைக்கோடு போடுங்கள். பல ஆட்கள் வரும் படத்தில் எல்லாவற்றையும்விட இந்தக் கோடுதான் முக்கியம். ஓவியரின் கண் மட்டம் அது. சமதரையில் நிற்கும் ஒரே உயரத்து ஆட்கள் எல்லாரையும், கிட்டே நின்றாலும் எட்டே நின்றாலும், இந்தக் கோடு உடம்பின் ஒரே இடத்தில்தான் வெட்டும். ஒரு பெண்ணை இடுப்பில் வெட்டினால் அதே உயரமுள்ள அடுத்தவளையும் இடுப்பில் வெட்ட வேண்டும். நம்ப முடியாவிட்டால் வளவுத் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் உயரம் தூணுக்குத் தூண் நிற்கிறவர்களின் முழங்காலுக்குச் சற்று மேலே என்றால், கடைசித் தூணருகே நிற்பவருக்கும் அங்கேதான் வரும். தலைதான் மேலும் கீழும் போகும். டி ஹூக்கின் படத்தில் அந்தக் கோடு பெண்களை எங்கே வெட்டுகிறது, குழந்தையை எங்கே வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நீங்களே ஆட்களை அமைக்கும்போது இதைவிடப் பெரிய துணை கிடையாது.

கதவு, அலமாரி, நிலை எல்லாம் போட்டபின், ஆட்களை வெறும் உருவெல்லையாக மட்டும் வரையுங்கள். உச்சந்தலை எங்கே, பாதம் எங்கே, அகலம் எவ்வளவு என்பது போதும். ட்ரேசிங் எடுக்க வேண்டாம். எடுத்தால் கை நகரும், கண் தூங்கும்.

ஒரே நிறத்தில் முழுப் படம்

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம், இங்கேதான் பாடம் அதிகம். வண்ண அச்சை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கறுப்பு வெள்ளைப் பிரதியை எடுங்கள்.

ரா அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து இருட்டை எல்லாம் நிரப்புங்கள். எண்ணெய் சேர்க்காதீர்கள். அலமாரிக்கு அடியில், மூலைகளில், நிழல் விழுந்த பாவாடை மடிப்பில், எங்கெல்லாம் இருட்டோ அங்கெல்லாம் பெரிய தூரிகையால் ஒரே ஓட்டமாக. ஆள் எது, மரம் எது என்று பிரிக்காதீர்கள். ஒரு பெண்ணின் நிழல் பக்கம் அலமாரியின் இருட்டோடு கலக்கிறதென்றால் கலக்கட்டும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் சுத்தமான துணியை விரலில் சுற்றித் துடைத்தெடுங்கள். அடியில் பூசிய செம்மண் நிறம் எட்டிப் பார்க்கும். கடைசியாக மிகப் பளிச்சென்ற இடங்களுக்கு மட்டும் வெள்ளையில் துளி அம்பர் கலந்து வையுங்கள்.

ஐந்தே படி: மிக இருட்டு, இருட்டு, நடு, வெளிச்சம், மிக வெளிச்சம். ஐந்தையும் முன்பு ஒதுக்கிய பட்டையில் வரிசையாகத் தீட்டி வைத்துக்கொண்டு, படத்தில் ஒவ்வொரு இடமும் இதில் எந்தப் படி என்று கேளுங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரம் மறைந்து பெரிய திட்டுகள் மட்டும் நிற்கும்.

மடித்த வெள்ளைத் துணியில் எல்லாரும் ஏமாறுவார்கள். வெள்ளைத் துணி என்று மூளை சொல்லும், கை போய் வெள்ளை ட்யூபைப் பிழியும். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஐந்து செ.மீ இடைவெளியில் இரண்டு துளை பஞ்ச் பண்ணுங்கள். ஒரு துளையைத் துணியின் நிழல் பக்கத்தின் மேலும் மற்றொன்றைத் திறந்த வாசலுக்கு வெளியே தெரிகிற தெருவின் மேலும் வைத்துப் பாருங்கள். சுற்றியிருப்பது மறைந்ததும் அந்த 'வெள்ளை'த் துணியின் நிழல் எவ்வளவு அழுத்தமான சாம்பல் என்று தெரியும். இந்த அட்டையைப் படம் முடியும்வரை கையோடு வைத்திருங்கள்.

வெயில் காலத்தில் இந்த அம்பர்ப் படை இரண்டு நாளில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் இயல்பிலேயே சீக்கிரம் காயும் நிறம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூடுதல் நாள் விடுங்கள். காய வைக்கிறேன் என்று பீரோவுக்குள் வைக்காதீர்கள். இருட்டில் காயும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளடிக்கும், ஈரம் சேர்ந்தால் பூஞ்சையும் பிடிக்கும். காற்றும் வெளிச்சமும் வருகிற, நேர் வெயில் படாத தாழ்வாரம்தான் சரியான இடம்.

வீட்டில் ஆச்சி இருந்தால் இந்த நிலையில் வந்து எட்டிப் பார்ப்பார். "என்னப்பா, ஒரே மண்ணா இருக்கு, முகத்தையே காணோமே?" என்பார். "வரும் ஆச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

நிறம் ஏற்றுதல்

எண்ணெய் வண்ணத்துக்கு ஒரே சட்டம்: அடியில் மெலிந்தது, மேலே கொழுத்தது. முதல் படை டர்பன்டைனில். இரண்டாவது ட்யூபில் வருகிறபடி. மூன்றாவதில் ஒரு பங்கு எண்ணெய்க்கு இரண்டு பங்கு டர்பன்டைன் கலந்த கலவை, அதுவும் சில துளிதான். மேல்படை சீக்கிரம் காய்ந்து அடியில் உள்ள படை பின்னால் காய்ந்தால் வெடிப்பு விடும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். தெரு, வாசல், பின்னறை, சுவர், தரை, அலமாரி, ஆட்கள் என்ற வரிசை. வண்ண அச்சின் நிறத்தை முழுக்க நம்ப வேண்டாம். கடைக்குக் கடை மாறும். வரைவதற்கு அச்சு, நிறம் பார்ப்பதற்கு டேப்லெட் திரை. திரையின் பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரையோடு போட்டி போட்டு எல்லாவற்றிலும் வெள்ளையைக் கொட்டுவீர்கள்.

சுவருக்கு வெள்ளை, ரா அம்பர், கடுகளவு கறுப்பு. வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்த சாம்பல், பழுப்பு மரத்தின் பக்கத்தில் வைத்ததும் நீலமாகத் தெரியும். நீலம் தொடாமலே நீலம் கிடைக்கிற இந்த வித்தையைத் தரைக் கற்களில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அலமாரியின் இருட்டுக்குக் கறுப்பு ட்யூப் வேண்டாம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சம அளவில் கலந்தால் கறுப்புக்குக் கிட்டத்தட்ட போகும், ஆனால் உயிருள்ள இருட்டு. பழைய தேக்கு நிலைக்கதவின் குமிழ்களுக்கு இடையே இருக்கிற இருட்டைப் பாருங்கள், கறுப்பே இருக்காது, செம்மை ஒளிந்திருக்கும். வெள்ளைத் துணியின் நிழலுக்கு வெள்ளை, ரா அம்பர், ஊசிமுனை நீலம்.

தரைக் கற்களை ஒவ்வொன்றாக நிறைக்காதீர்கள். முதலில் தரை முழுவதும் ஒரே நடுநிறம், பிறகு வெளிர் கற்கள், பிறகு ஆழ்ந்தவை. கிட்டே இருக்கும் கல்லின் வெளிர் நிறமும் வாசலருகே இருக்கும் கல்லின் வெளிர் நிறமும் ஒன்றில்லை. தூரப் போகப் போக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். வாசலருகே மட்டும் தெருவின் வெளிச்சம் விழுந்து கணக்கை மாற்றும்.

ஆட்கள்

இந்த அளவில் ஒரு முகம் கட்டைவிரல் நகத்தளவுதான் வரும். அதற்குள் இமை, புருவம், நாசித்துவாரம் என்று இறங்கினால் பொம்மை வரும்.

இரண்டு பெண்களையும் தனித்தனி ஆட்களாகப் பார்க்காமல் ஒரே திட்டாகப் பாருங்கள். அந்தத் திட்டின் வெளிவிளிம்பு எப்படிப் போகிறது? இருவருக்கும் நடுவே உள்ள சந்து என்ன வடிவம்? அந்தச் சந்தை ஒரு பொருளாகவே நினைத்துத் தீட்டுங்கள். சந்து சரியாக அமைந்தால் இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கிறார்கள் என்பது சொல்லாமலே தெரியும்; ஒரு தூரிகை அகலம் கூடினால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஆகிவிடும்.

அடுத்து தலையின் சாய்வு. நெற்றி நடுவிலிருந்து மோவாய்க்கு ஒரு கற்பனைக் கோடு போடுங்கள், அது கழுத்தின் கோட்டோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்று பாருங்கள். வேலை செய்கிற ஆளின் பார்வை கையில் இருக்கும், தலை அந்தப் பக்கம் சாயும். இந்தச் சாய்வு வந்துவிட்டால் கண்ணே தீட்டாவிட்டாலும் அவள் துணியைப் பார்க்கிறாள்.

முகத்துக்கு மூன்று நிறம் போதும். வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளை, ஓக்கர், சிட்டிகை காட்மியம் ரெட். நிழல் பக்கத்துக்கு அதிலேயே பர்ன்ட் சியன்னாவும் துளி நீலமும். இரண்டும் சேரும் கன்ன ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தூக்கலாக. 4-ஆம் எண் தட்டைத் தூரிகையால் மூன்று திட்டு வைத்துவிட்டுக் கையை எடுங்கள். கண்குழி என்பது நிழலில் ஒரு அழுத்தம், மூக்கு என்பது வெளிச்சத்தின் ஒரு விளிம்பு. ஓரடி தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமென்று தோன்றினால் மறுநாள் வையுங்கள்.

கையும் அப்படியே. விரல்களை எண்ணாதீர்கள். துணியைத் தாங்கும் கையை ஒரே அச்சாக, கட்டைவிரலை மட்டும் பிரித்துத் தீட்டுங்கள். துணி கையில் அமுங்கும் இடத்தில் ஒரு இருட்டுக் கோடு வைத்தால் எடை வந்துவிடும்.

விளிம்புகளில்தான் ஓவியரின் கை தெரியும். ரைக்ஸ்மியூசியம் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு உருவத்தைச் சுற்றி நிதானமாக வாருங்கள். வெளிச்சப் பக்கத்து விளிம்பு எங்கே கத்தி மாதிரி இருக்கிறது, நிழல் பக்கத்தில் எங்கே பின்னணிக்குள் கரைகிறது என்று பென்சிலால் அச்சுப்பிரதியில் குறியுங்கள். கரைய வேண்டிய இடத்தில் ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் ஒரே ஒரு முறை தடவினால் போதும். எல்லா விளிம்பையும் கூராக்குகிற வழக்கம் அச்சுப்படம் பார்த்து வளர்ந்த நமக்கு அதிகம்.

பாதத்தடியில் நிழல் வைக்க மறக்கக்கூடாது. தரையும் ஆளும் தொடுகிற இடத்தில் மெல்லிய, மிக இருட்டான கோடு; அதிலிருந்து விலக விலக நிழல் மங்கும். இது இல்லாத ஆள் தரைக்கு நாலு விரல் மேலே மிதப்பார். தூரத்துக் குழந்தைக்கு நிறத்தையும் வித்தியாசத்தையும் குறைத்து, தீற்றல்களையும் குறையுங்கள். முன்னால் நிற்பவர்களுக்குக் காட்டிய சிரத்தையைக் குழந்தைக்கும் காட்டினால் அது ஓடிவந்து முன்னால் நின்றுகொள்ளும்.

சரிபார்த்தல், மெருகு

படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். சாய்ந்த நிலையும் கோணிய தலையும் உடனே அகப்படும். போனில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக்கி அச்சுப்பிரதியோடு ஒப்பிடுங்கள். நிறம் தவறியிருந்தால் பரவாயில்லை. படி தவறியிருந்தால் திருத்துங்கள்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் இருட்டான இடங்கள் மங்கலாக உள்வாங்கித் தெரிந்தால், எண்ணெய்க் கலவையில் துளி பர்ன்ட் சியன்னா கரைத்துக் கண்ணாடி மாதிரி மெல்லியதாக அலமாரியின் மேல் ஒரு படை விடலாம். வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் காயும். குறைந்தது ஆறு மாதம் கழித்து அடியுங்கள். சட்டத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்று வாருங்கள். பழைய தேக்குச் சட்டம் நல்லதாகக் கிடைக்கும், அளவுக்கு ஆசாரியிடம் கொடுத்து அறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த போர்டு

இரண்டாவது நகல் எடுக்காதீர்கள். அதே 28 × 30.2 கட்டம், அதே ஏழு ட்யூப், அதே வரிசை. படம் மட்டும் உங்களுடையது. பனையோலையில் கொட்டான் முடைகிற பெண்கள் இருக்கும் வீடு பக்கத்தில் இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். வளவில் மூன்று பேர், நடுவே ஓலைக் குவியல், பின்னால் நிலைவாசல். உங்கள் கண் மட்டக் கோட்டை முதலில் முடிவு செய்யுங்கள்: நீங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறீர்களா, நின்று பார்க்கிறீர்களா? ஊசி அதற்கேற்ப இறங்கும், ஏறும்.

இங்கே தோல் நிறம் டி ஹூக்கின் கணக்குக்கு வராது. அடிப்படை பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும். நிழலுக்கு அதே சியன்னாவில் அல்ட்ராமரைன். மேலே திறந்த வளவிலிருந்து வானத்தின் வெளிச்சம் இறங்குவதால் நெற்றியிலும் தோளிலும் விழும் பளபளப்பு வெள்ளையாக இருக்காது, நீலம் கலந்த சாம்பலாக இருக்கும். சிவப்புப் பூக்கல் தரையாக இருந்தால் மோவாய்க்கு அடியிலும் சேலைக் கரையின் கீழ்ப்பக்கத்திலும் அந்தச் சிவப்பு ஏறி நிற்கும். இதை அச்சிலும் திரையிலும் பார்க்க முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

காலை பத்தரைக்குப் போங்கள். பன்னிரண்டுக்கு வெயில் நேரே இறங்கினால் நிழல் எல்லாம் காலடிக்குப் போய்விடும். போட்டோ எடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் புதுச் சேலை மாற்றிக்கொண்டு மூவரும் வரிசையாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அனுமதி கேட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே பென்சிலை எடுங்கள். கொட்டான் பாதிப் பின்னலில் இருந்தால் அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்வார்கள், கை நிற்காது.